‘சாத்திய கதவு’க்கு விருது கிடைக்காத வருஷம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண் பேசினார். குறும்பட விருதுக்கான விண்ணப்பங்கள் இனிமேல் கணினி வழியாகத்தான் வரும், அதையொட்டிப் பழைய விதிகளைச் சுருக்குகிறோம் என்றார்.

"ஒரு விதி மட்டும் யாருக்கும் புரியவில்லை சார். படத்தில் தோன்றுகிற ஒவ்வொருவரும் முடிந்த படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. படம் எடுக்கிற பிள்ளைகள் இதைக் கண்டாலே ஓடுகிறார்கள். எடுத்துவிடலாமா என்று குழு யோசிக்கிறது. இது எப்படி உள்ளே வந்தது?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். அந்தக் குடும்பம் இன்றும் அதே ஊரில் இருக்கிறது. அதனால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆள். கோவில்பட்டியில் படித்து முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் அந்த விருது அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் படப்பெட்டி தூக்குவதிலும் சுருளைச் சுற்றுவதிலும் அறுந்த பிலிமை ஒட்டுவதிலும் போயின. புரொஜக்டர் ஓட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அந்த நாளில் குறும்படத்துக்கு மரியாதை கிடையாது. விருதே முழுநீளப் படங்களுக்காக ஏற்பட்டது. நடுவர்கள் பெரிய படங்களைப் பார்த்துக் களைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிற நேரத்தில் குறும்படங்களைப் போடுவோம். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். பரிசு என்பது ஒரு சான்றிதழ். அதையும் மேடையில் கொடுப்பதில்லை, தபாலில் அனுப்பிவிடுவோம். பூச்சிமருந்தைப் பற்றியும் அணைக்கட்டைப் பற்றியும் எடுக்கிற படங்களுக்கு இதுவே அதிகம் என்று ஒரு நடுவர் என் காதுபடச் சொல்லியிருக்கிறார்.

அதை மாற்றியவர் சகுந்தலா மேடம். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், எங்கள் அலுவலகத்துக்குச் செயலாளராக வந்தார். வந்த வருஷமே குறும்படங்களுக்குத் தனி நடுவர் குழு போட்டார். அடுத்து, பெரிய படங்களுக்குக் கொடுக்கிற அதே மேடையில் அதே பதக்கத்தைக் குறும்படத்துக்கும் கொடுக்க வைத்தார். அதற்குப் பல பேரிடம் அவர் பேச்சு வாங்கினார். கடைசியாகப் பதினாறு மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த படங்களையும் ஏற்கலாம் என்று விதியைத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்தவர்களும், வாடகைக் காமிராவில் படம் எடுத்தவர்களும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கரிசல் மண் எங்கள் திரையில் தெரிந்ததும் அதற்குப் பிறகுதான்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நடுவர்கள் வருவதற்கு முன்னால் வந்து, ஒவ்வொரு நாற்காலியிலும் தானே உட்கார்ந்து திரை முழுதாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் நடுவில் நிறுத்த விடமாட்டார். "எடுத்தவர் கடைசி வரைக்கும் வேலை பார்த்திருக்கிறார். நாமும் கடைசி வரைக்கும் உட்காருவோம்" என்பார். ஒரு படம் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ நடுவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகத்திலும் தெரியாது.

இறுதிச் சுற்றுக்கு வந்த படங்களை மறுநாள் ஒலி இல்லாமல் ஓட்டச் சொல்வார். "பின்னணிக் குரல் நம்மை என்ன நினைக்கச் சொன்னது என்று நேற்றுக் கேட்டோம். படம் என்ன சொல்கிறது என்று இன்று பார்ப்போம்." அவர் கொண்டுவந்த முறை அது. விளக்கை அணைத்துவிட்டால் புரொஜக்டரின் சத்தம் மட்டும்தான் கேட்கும். குரலையும் இசையையும் நம்பி எடுத்த படங்கள் அந்த அமைதியில் பரிதாபமாகத் தெரியும்.

அப்படி ஒலி இல்லாமல் ஓடியும் அசையாமல் நின்ற ஆவணப்படம்தான் ‘சாத்திய கதவு’. எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம் வந்தது. எடுத்தவர் ஜெயபால், மதுரைக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. மழை பொய்த்த கரிசல் கிராமம் ஒன்று. சம்சாரி, அதாவது சொந்த நிலத்தில் பாடுபடுகிற விவசாயி ஒருவர், ஒரு ஜோடி மாடுகளை வைத்துக்கொண்டு வெடித்துக் கிடக்கிற நிலத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். பருத்திச் செடிகள் காய் வைக்காமல் கருகியிருக்கின்றன. பிறகு ஒரு நாள் உச்சிவெயிலில், ஆளற்ற தெருவில், அவர் தன் வீட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுகிறார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். மனைவியும் மகளும் மூட்டையோடு முன்னால் நடக்கிறார்கள். தெருத் திரும்பும் இடத்தில் மகள் நின்று திரும்பிப் பார்க்கிறாள். நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையோடு படம் முடிகிறது.

ஒலி இல்லாமல் பார்த்து முடித்ததும் விளக்கைப் போட்டேன். மேடம் வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெண் யாரைப் பார்க்கிறாள்?"

"வீட்டைத்தான்" என்றார் ஒரு நடுவர்.

"வீடு தெருவோரமாகக் கீழே இருக்கிறது. அவள் மேலே பார்க்கிறாள்" என்றார் மேடம். அதோடு விட்டுவிட்டார்.

எல்லா நடுவர்களும் ஒரே மனதாக அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவை அறிவிக்க இன்னும் நாள் இருந்தது. அதற்குள் ஒரு வாரப் பத்திரிகை, இறுதிச் சுற்றுக்கு வந்த படங்களைப் பற்றி எழுதி, அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிற காட்சியைப் பெரிதாகப் போட்டிருந்தது. "பிழைக்க வழியின்றி ஊரைவிட்டு ஓடும் குடும்பம்" என்று கீழே ஒரு வரி.

பத்திரிகை வந்த சில நாட்களில் அந்தச் சம்சாரியே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான் படத்தில் பார்த்த முகம் வாசலில் நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, தோளில் துண்டு. பெயர் பெருமாள்சாமி. இடைசெவலுக்குத் தெற்கே உள்ள ஒரு ஊர். வீட்டில் தெலுங்கு பேசுகிற, தலைமுறைகளாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். "அண்ணாச்சி, உக்காருங்க. நானும் ஓட்டப்பிடாரம் பக்கந்தான்" என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் உட்காரவில்லை.

மேடம் முன்னால் பத்திரிகையை விரித்து வைத்தார்.

"அம்மா, இது எம் மக ரெங்கநாயகி. இது எங்க தெரு. கீழ எழுதியிருக்கது பொய். நாங்க ஊரவிட்டு ஓடல. திருச்செந்தூருக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனோம். வீட்டப் பூட்டிட்டுத்தான போவணும்? அதப் படம் பிடிச்சுட்டு இப்படி எழுதிட்டாவ."

"படம் எடுத்தவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பருத்தியப் பத்திப் படம் எடுக்கேன்னு வந்தாரு. எங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு. நல்ல பையன்னு நெனச்சோம்." கொஞ்சம் நிறுத்தினார். "எம் மகளுக்கு ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஒரு எடத்துல பேசி முடிச்சிருந்தோம். இந்தப் பொஸ்தகத்தப் பாத்துட்டு, கொஞ்ச நாள் போவட்டும்னு சொல்லி அனுப்பிட்டாவ. கொஞ்ச நாள்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்லா. இதுக்குப் பரிசும் குடுத்து ஊர் ஊராக் காட்டினா நாங்க தெருவுல நடமாட முடியாது."

ஆவணப்படத்தில் பொய்யான காட்சி இருந்தால் விருது செல்லாது என்று அப்போதே விதி இருந்தது. மேடம் அறிவிப்பைத் தள்ளிவைத்தார். ஜெயபாலை வரவழைத்தார்.

ஜெயபால் தயங்கவில்லை. "திருச்செந்தூருக்குப் போகவில்லை மேடம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிசான நெல் அறுப்புக்குப் போனார்கள். கூலிக்கு. அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான் போனது. வறட்சி நிவாரண வேலை நிலமில்லாத கூலிகளுக்குத்தான் உண்டு. பட்டா வைத்திருக்கிறவன் போய்க் கேட்டால், உனக்கென்னப்பா, நிலமிருக்கே என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நிலமிருந்தும் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஆபீசில் ஒருவரும் நம்பவில்லை. இந்தப் படத்தைப் பார்த்தால் நம்புவார்கள். அதற்காகத்தான் எடுத்தேன்."

"இரண்டு பேரில் ஒருவர் சொல்வது உண்மையில்லை. முத்தையா, நாம் போய்ப் பார்த்துவிடுவோம்" என்றார் மேடம். அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்தவன் என்பதால் என்னைக் கூட்டிப்போனார்.

நாங்கள் போனபோது கரிசலில் பருத்தி வெடித்திருந்தது. அந்த வருஷம் மழை பரவாயில்லை. இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்தோம். மேடம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில். டீக்கடைக்காரர் சொன்னார்: "திருச்செந்தூருக்குத்தான் போனாவ." கிணற்றடியில் நின்ற பெண்கள் சொன்னார்கள்: "ஆமா, திருச்செந்தூருக்கு." பெருமாள்சாமியின் எதிர்வீட்டுக்காரர் ராமையா. அவர் வீடு மேல்தளம் வைத்த மச்சு வீடு. படத்தை எடுத்த காமிரா அந்த மச்சில்தான் இருந்திருக்க முடியும் என்பது எங்கள் இருவருக்கும் அங்கே நின்றதும் தெரிந்தது.

"மேல யாரும் ஏறினத நான் பாக்கல. அவிய திருச்செந்தூருக்குத்தான் போனாவ" என்றார் ராமையா.

"நீங்களும் அந்த வருஷம் திருச்செந்தூர் போனீர்களா?" என்று மேடம் கேட்டார்.

ராமையா தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் போனோம்மா."

மேடம் அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரையும் கேட்கவில்லை.

பெருமாள்சாமி எங்களை வரவேற்று மோர் கொடுத்தார். மனைவியும் மகளும் காட்டில் பருத்தி எடுக்கிறார்கள் என்றார். மேடம் அவர்களையும் பார்க்க வேண்டும் என்றபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "போய்ப் பாருங்க. நான் சொன்னததான் சொல்லுவாவ" என்றார். கூட வரவில்லை.

அவர் மனைவி சென்னம்மாள் மடியில் பருத்தியைச் சேர்த்துக்கொண்டு செடி நிரையோடு நகர்ந்துகொண்டிருந்தார். பக்கத்து நிரையில் ரெங்கநாயகி. மேடம் தன்னை யாரென்று சொன்னார். சென்னம்மாள் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நெசத்தச் சொன்னா நீங்க என்னம்மா செய்விய?"

"நிஜம் என்னவோ அதை எழுதிக்கொள்வேன்."

"எழுதினா எம் மக கலியாணம்?"

மேடம் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் சொல்லாமல் நின்றார். சென்னம்மாள் கொஞ்ச தூரம் பருத்தி எடுத்துக்கொண்டே போனார். பிறகு தானாகவே பேசினார்.

"மாட்ட வித்த அன்னைக்கே அவிய முடிவு பண்ணிட்டாவ. விதைக்கு வச்சிருந்த கம்பையும் தின்னு முடிச்சாச்சு. உச்சிவெயில்ல கெளம்புனோம், தெருவுல ஆள் இருக்காதுன்னு. மணியாச்சி ஸ்டேஷன்ல துணிய விரிச்சுக் கெடந்தோம். அறுப்புக்களத்துல பேரு கேட்டாவ. அவிய தம் பேரச் சொல்லல. வேற பேரு குடுத்தாவ. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா சட்டுனு திரும்ப மாட்டாவ. நாந்தான் முதுகுல தொட்டுச் சொல்லுவேன், ஒங்களத்தான்னு." மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "போனது நெசந்தான். அத அவிய வாயால சொல்லச் சொல்லாதிய."

மேடம் ரெங்கநாயகியிடம் திரும்பினார். "நீ திரும்பிப் பார்த்தாயே. யாரைப் பார்த்தாய்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தடுக்கவில்லை.

"படம் எடுத்த அண்ணன. ராமையா மாமா மச்சுல படுத்துக்கிட்டு எடுத்தாரு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் வெரல வாயில வச்சாரு, சொல்லாதேன்னு."

"நீ சொல்லவில்லையா?"

"சொல்லியிருந்தா நைனா அங்கனயே திரும்பி வந்து கதவத் தெறந்துருப்பாரு. அதுக்குப் பெறகு போயிருக்க மாட்டாரு. அந்த மாசம் சாப்பாட்டுக்கு என்ன செய்யது? அதான் வாயத் தெறக்கல."

நைனா என்பது அவர்கள் வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற சொல். நான் வரப்பில் போய் நின்றுகொண்டேன்.

ஜெயபாலையும் மேடம் கோவில்பட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து, அந்தப் பெண் சொன்னதை அவரிடம் சொன்னார்.

"ஆமாம். விரலை வைத்தேன்" என்றார் ஜெயபால்.

"ஏன்?"

"அவள் சத்தம் போட்டிருந்தால் ஷாட் போயிருக்கும்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல இருந்தது. எதிரில் இருப்பவர் தன் வார்த்தையோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிடுவது மேடத்தின் வழக்கம்.

பிறகு சொன்னார்: "அவர்கள் இன்னும் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவர்கள் பார்க்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கினோம். சன்னல்களைப் போர்வையால் மறைத்தேன். புரொஜக்டரை நான் ஓட்டினேன். பெருமாள்சாமி, சென்னம்மாள், ரெங்கநாயகி மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் ஓரத்தில். ஜெயபால் என் பக்கத்தில் நின்றார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது.

படம் ஓடியது. கதவு வந்தது, பூட்டு வந்தது, மகள் திரும்பிப் பார்த்தாள். முடிந்தது. நான் போர்வையை விலக்கப் போனேன்.

"தம்பி" என்றார் பெருமாள்சாமி. "அந்த மாடு ரெண்டும் வருத எடத்த இன்னொருக்க காட்ட முடியுமா?"

சுருளைப் பின்னால் சுற்றி அந்த இடத்தைப் போட்டேன். அந்த மாடுகள் விற்றுப்போனவை. யார் கையில் இருக்கின்றன, இருக்கின்றனவா என்றே அவருக்குத் தெரியாது. திரையில் அவை கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு நின்றன. அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். "செவலைக்குக் கண்ணுல தண்ணி வடியுது பாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

பிறகு அவர் ஜெயபாலைப் பார்த்தார். "நீ பொய்யா எடுக்கல தம்பி. எனக்குத் தெரியும். அம்மாகிட்டப் பொய் சொன்னது நாந்தான்." மேடம் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஆனா நான் எங்க வீட்டப் பூட்டுதத நாலு பேருக்குக் காட்டதுக்கு, நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா சம்மதிச்சிருக்க மாட்டீங்க அண்ணாச்சி."

"மாட்டேன்தான்."

"இதக் காட்டினா உங்கள மாதிரி எத்தனையோ குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்கும்."

"கெடைக்கட்டும். எங்க கதவ வச்சு வேண்டாம்."

ரெங்கநாயகி எழுந்து நின்றாள். "காட்டட்டும் நைனா. நாம களவு செய்யல. அறுப்புக்குப் போயி உழைச்சு வந்தோம். அதப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுத வீட்டுக்கு நானும் போவல."

"ஏட்டி, இரி" என்றார் சென்னம்மாள். அதட்டலாக இல்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

பெருமாள்சாமி தலையை அசைத்தார். "வேண்டாம்மா. விட்டுருங்க."

மேடம் எழுந்தார். படத்தில் இருக்கிற ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான் என்றார். கதவுக் காட்சியையும் மகளின் முகத்தையும் வெட்டிவிட்டால் இந்த வருஷமே விருது கிடைக்குமா என்று ஜெயபால் கேட்டார். நடுவர்கள் பார்த்தது இந்தப் படம், வெட்டினால் அது வேறு படம், அடுத்த வருஷம் அனுப்பலாம் என்றார் மேடம்.

"அந்த இரண்டு இடமும் இல்லாவிட்டால் படமே இல்லை மேடம்" என்றார் ஜெயபால். சுருளை என்னிடமிருந்து வாங்கி, தானே பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார். கதவருகில் ரெங்கநாயகியைத் தாண்டும்போது நின்றார். "மன்னிச்சிரும்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த வருஷம் குறும்படத்துக்கு விருது வழங்கப்படவில்லை. காரணத்தை வெளியில் சொல்லவில்லை. நடுவர் குழுவுக்குள் பெரிய சச்சரவு. உண்மையைச் சொன்ன படத்துக்குத் தண்டனை, அதை மறைக்கப் பார்த்தவருக்குச் சலுகையா என்று கேட்டு ஒரு நடுவர் விலகிப் போனார். அவர் கேட்டது தவறு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. மறுவருஷம் மேடம் விதிகளில் சம்மதம் பற்றிய அந்த வரியைச் சேர்த்தார்.

கோவில்பட்டியிலிருந்து ரயிலில் திரும்பும்போது அவர் சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது. "ஜெயபாலின் படத்தையும் காப்பாற்றவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்தையும் காப்பாற்றவில்லை. இல்லையா, முத்தையா?" கல்யாணம் முறிந்துதான் போனது. ஓட்டப்பிடாரத்து வீட்டார் திரும்பி வரவே இல்லை. சில வருஷம் கழித்து ரெங்கநாயகி கோவில்பட்டியில் வாக்கப்பட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளில் மறுபடியும் மழை பொய்த்தது. மேடம் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். ஒரு நாள் பெருமாள்சாமி என் முன்னால் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் படம் இருக்கா?"

என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நிவாரண வேலைக்கு எழுதிக் குடுத்தோம். பட்டாக்காரனுக்குக் கெடையாதுன்னு திருப்பிட்டாவ. நாலு ஊரு ஆட்களக் கூப்பிட்டு ஒரு அதிகாரி விசாரிக்க வாராரு. வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறாவ. இந்தத் தடவ எங்க ஊருல போகாத வீடு கெடையாது. சின்னப் பிள்ளையளத் தூக்கிட்டுப் போறாவ. எனக்கும் நடக்க ஏலல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "காட்டிருவோம். நான் சொல்லுதேன்."

ஜெயபாலைத் தேடிப் பிடித்தேன். மதுரையில் ஒரு ஸ்டூடியோ வைத்துக் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் படம் எதுவும் எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் அந்தப் பெட்டி இருந்தது.

விசாரணைக்கு ஒரு மண்டபத்தைத் தந்திருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு, இரவல் புரொஜக்டரோடு போயிருந்தேன். முன் வரிசையில் அதிகாரிகள். பின்னால் ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தைப் போட்டேன். பிலிமில் கீறல் விழுந்திருந்தது, ஒலி கரகரத்தது.

முடிந்ததும் அதிகாரி கேட்டார். "இது எந்த ஊர்? யார் வீடு?"

பெருமாள்சாமி எழுந்தார். "எங்க வீடுதாங்க. பூட்டுதது நான்."

"எங்கே போனீர்கள்?"

"பிசான அறுப்புக்கு. கூலிக்கு."

அதிகாரி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் பின்னால் ராமையா எழுந்தார். "எதித்த வீடு எங்களுது. நாங்களும் போனோம்." அதற்கடுத்து ஒரு பெண் எழுந்தார். பிறகு ஒரு கிழவர், பிறகு இரண்டு சகோதரர்கள். யாரும் கதை சொல்லவில்லை. போனோம், போனோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார்கள்.

சிறுநிலக்காரர்களையும் சேர்த்து அந்தப் பக்கத்தில் ரோட்டு வேலை தொடங்கியது. படத்தைப் பார்த்ததால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பல பேர் பல இடத்தில் கேட்டிருந்தார்கள்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க ஜெயபாலும் நானும் ஒரு நாள் போனோம். ஊருக்குப் பக்கத்திலேயே ரோட்டில் சரளைக் கல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாள் தட்டில் அள்ளிக் கொடுக்க, பெருமாள்சாமி வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார். "ஏலே, தம்பி வந்திருக்காவ, தண்ணி கொண்டா" என்று யாருக்கோ குரல் கொடுத்தார்.

ஜெயபால் தோளில் காமிரா இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு தயங்கினார்.

"அண்ணாச்சி, உங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?"

பெருமாள்சாமி மனைவியைப் பார்த்தார். சென்னம்மாள் சிரித்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தார்.

"இரி தம்பி. தலப்பாவ ஒழுங்காக் கட்டிக்கிடுதேன்" என்றார் பெருமாள்சாமி. துண்டை அவிழ்த்து, தூசியை உதறி, நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

ஜெயபால் காமிராவைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார்.